24-ல வச்சும் ஏன் வேர்க்குது?

மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி. சேலம் ஐந்து ரோடு பக்கத்துல ஒரு கல்யாண மண்டபம். காலையில இருந்து வெயில்லயே நின்ன கார். உங்க சித்தப்பா போன மாசம்தான் எடுத்த வண்டி. டாப் மாடல், அதனால 'ஆட்டோமேட்டிக் கிளைமேட் கண்ட்ரோல்' உண்டு. பெருமையா 24-ல வச்சு 'ஆட்டோ' பட்டனை அமுக்குறார். உடனே ப்ளோயர் மாவு மில் மாதிரி இரைய ஆரம்பிக்குது. "ஏனுங்க, காதே அடைக்குது, கொஞ்சம் குறைங்க"ன்னு சித்தி சொல்ல, அவர் ஃபேனைக் குறைக்கிறார். ஆட்டோ லைட் அணைஞ்சிடுது. ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பின்சீட்ல இருந்து தாத்தா, "ஏசி போட்டிருக்கியா இல்லியாப்பா?"ங்கிறார். மறுபடியும் ஆட்டோ. மல்லூர் தாண்டறதுக்குள்ள 24, 21, 18-னு இறங்கி, கடைசியில திரையில 'லோ'ன்னே வந்தாச்சு. ராசிபுரம் டோல்கேட்ல பார்த்தா சித்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. தாத்தாவுக்கு இன்னும் வேர்க்குது. "பழைய வண்டியில ஒரு திருகு இருந்துச்சு. நீலம் பக்கம் திருப்பினா ஜில்லுனு வரும். இது என்ன எழவோ" என்பது சித்தப்பாவின் தீர்ப்பு.

இந்தச் சண்டை நடக்காத ஆட்டோ ஏசி கார் நம்ம பக்கம் இருக்கிறதா தெரியல. மெக்கானிக்கல் படிக்கிறவன்னு தெரிஞ்சா போதும், "நீதான இன்ஜினியரு, இதப் பாரு"ன்னு உங்க தலையில கட்டிடுவாங்க. அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு விஷயம். பெரும்பாலான நேரம் அந்த வண்டியில ரிப்பேர் எதுவும் இல்லை. அது அளக்கிறது ஒண்ணு, நம்ம உடம்பு உணர்றது வேற ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் சித்தப்பா பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கார்.

அந்த 24 எதோட 24?

பழைய திருகு என்ன பண்ணுச்சுன்னு பார்ப்போம். டேஷ்போர்டுக்குள்ள எவாப்பரேட்டர்னு ஒரு குளிர்ந்த கட்டமும், இன்ஜின் சுடுதண்ணி ஓடுற ஹீட்டர் கோர்னு இன்னொரு கட்டமும் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் கதவு. அதுக்குப் பேர் ப்ளெண்ட் டோர். குளிர்ந்த காத்துல எவ்வளவு ஹீட்டர் வழியா போகணும்னு அதுதான் பிரிக்குது. பழைய வண்டியில நீங்க திருகினது அந்தக் கதவைத்தான். திருகுக்கு வெப்பநிலை என்னன்னே தெரியாது. கதவை இத்தனை டிகிரி சாய்ச்சு வை, அவ்வளவுதான். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல முதல் யூனிட்ல வருமே, ஓப்பன் லூப், அது இதுதான். லூப்பை மூடுறது நீங்க. குளிருதா, கொஞ்சம் சிவப்பு பக்கம். வேர்க்குதா, நீலம் பக்கம்.

ஆட்டோவுல லூப்பை மூடுற வேலை கம்ப்யூட்டருக்குப் போயிடுது. 24-ங்கிறது வென்ட்ல வர்ற காத்தோட வெப்பநிலை கிடையாது. உள்ளே இருக்கிற காத்து கடைசியில போய்ச் சேர வேண்டிய இலக்கு. 40 டிகிரி வெயில்ல மூடி நின்ன காருக்குள்ள காத்து 60-ஐத் தாண்டும். டேஷ்போர்டைத் தொட்டா கை பொசுங்கும். ஆக எர்ரர் 36 டிகிரி. இந்த எர்ரரைப் பார்த்த எந்த கண்ட்ரோலரும் என்ன பண்ணும்? கம்ப்ரஸர் முழுசா, ப்ளோயர் முழுசா, ப்ளெண்ட் டோர் முழுக்கக் குளிர் பக்கம். அதனாலதான் அந்த மாவு மில் சத்தம். 24-க்குப் பதிலா 18 வச்சா எர்ரர் 42 ஆகும். ஆனா ஏற்கனவே எல்லாமே உச்சத்துல ஓடுது, இதுக்கு மேல ஓட இடமில்லை. சீக்கிரம் குளிராது. வேணும்னா குளிர்ந்த பிறகும் நிக்காம இறங்கிக்கிட்டே போகும். சித்தி போர்த்திக்கிட்டது அதனாலதான்.

'லோ' மட்டும் தனிக் கதை. நிறைய வண்டிகள்ல 'லோ'ன்னா 17-க்கு அடுத்த நம்பர்னு அர்த்தம் கிடையாது. இலக்கையே மறந்துட்டு குளிர் முழுசா விடுன்னு அர்த்தம். அதாவது சித்தப்பா டாப் மாடலுக்குக் காசு கொடுத்துட்டு, அதைப் பழைய திருகா மாத்தி ஓட்டிக்கிட்டிருக்கார்.

வெயில்ல நின்ன வண்டியை எடுக்கும்போது ஆட்டோ செய்யற ஒரு தப்பு இருக்கு, அதை நீங்கதான் சரி செய்யணும். வேகமா குளிர வைக்க அது பெரும்பாலும் உள்காத்தையே சுத்த விடும். ஆனா அந்த நேரத்துல உள்காத்து 60, வெளிக்காத்து 40. வெளியில இருக்கிறதுதான் 'குளிர்'! நாலு கண்ணாடியையும் இறக்கி, ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டு, அப்புறம் மூடி ஆட்டோவை அமுக்குங்க. டீசலும் மிச்சம், காதும் மிச்சம்.

பிள்ளையார் மறைத்த சூரியன்

கம்ப்யூட்டருக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்றது நாலஞ்சு சென்சார்தான். அதுல ஒண்ணு ஏமாந்தாலும் மொத்தக் கணக்கும் போச்சு.

முதல் ஆள் சன்லோட் சென்சார். முன்கண்ணாடிக்கு அடியில, டேஷ்போர்டு மேல கறுப்பா ஒரு சின்னக் குமிழ் இருக்கும். உள்ளே ஒரு ஃபோட்டோ டையோடு. வெயில் எவ்வளவு அடிக்குதுன்னு பார்த்து, காத்து 24-ஐத் தொட்டிருந்தாலும் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி, வர்ற காத்தை இன்னும் குளிரா விடும். இப்போ நம்ம ஊர் கார்களோட டேஷ்போர்டை நினைச்சுப் பாருங்க. பளபளன்னு ஒரு பிள்ளையார், அவருக்குக் கீழே மேட், பக்கத்துல டிஷ்யூ டப்பா, டோல் ரசீது, போன வாரக் கல்யாணப் பத்திரிகை. குமிழ் மேல ஏதாவது ஒண்ணு உட்கார்ந்திருந்தா போதும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ராத்திரி. ஃபேன் சோம்பேறியா ஓடும், மத்தியான வெயில்ல நீங்க வெந்துக்கிட்டிருப்பீங்க. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: சில வண்டிகள்ல ஆட்டோ ஹெட்லைட் சென்சாரும் அதே குமிழுக்குள்ளதான் இருக்கும். பட்டப்பகல்ல ஹெட்லைட் தானா எரிஞ்சா, பிள்ளையாரை நாலு இஞ்ச் தள்ளி வைங்க. கோவிச்சுக்க மாட்டார்.

ரெண்டாவது ஆள் உள்காத்து சென்சார். ஸ்டியரிங் பக்கத்துல, தீப்பெட்டியை விடச் சின்னதா, எதுக்குன்னே தெரியாம ஒரு ஜாலி துளை இருக்கும். அதுக்குள்ள ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏறினா ரெசிஸ்டன்ஸ் இறங்கும். சும்மா உட்கார்ந்திருந்தா டேஷ்போர்டோட சொந்தச் சூட்டைத்தான் அது பார்க்கும். அதனால ஒரு குட்டி ஃபேனோ ஒரு குழாயோ வச்சு, கேபின் காத்தை அது மேல இழுத்து விடுவாங்க. கிரஷர் லாரிக்குப் பின்னாடியே ஓடுற நம்ம ரோட்டுத் தூசி அந்தத் துளையை அடைச்சாலோ, ஸ்டீரியோ மாத்தும்போது அந்தக் குழாய் கழண்டுட்டாலோ, சென்சார் பிளாஸ்டிக்கோட சூட்டையே அளந்து "இன்னும் 35 இருக்கு, 35 இருக்கு"ன்னு கத்திக்கிட்டே இருக்கும். உள்ளே எல்லாரும் நடுங்கினாலும் ஃபேன் குறையாது. இதுக்குப் போய் கேஸ் ஃபில் பண்ணச் சொல்லிக் காசு கொடுத்தவங்க நிறைய பேர். ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால தூசியைத் தட்டினாலே பாதிக் கேஸ் தீரும்.

மூணாவது, முன் பம்பருக்குப் பின்னாடி இருக்கிற வெளிக்காத்து சென்சார். டிராஃபிக்ல நின்னா கண்டென்ஸர், ரேடியேட்டர் சூடெல்லாம் அது மேலதான் அடிக்கும். வெளியில 46 டிகிரின்னு திரையில பார்த்துட்டு ஸ்டேட்டஸ் போடாதீங்க. பத்து நிமிஷம் ஹைவேயில ஓட்டிட்டுப் பாருங்க. இந்தக் குறை கம்பெனிக்காரங்களுக்கும் தெரியும். அதனால வண்டி நிக்கும்போது இந்த சென்சாரோட ஏத்தத்தை உடனே நம்பாம, ஓட ஆரம்பிச்ச பிறகு மெதுவா திருத்துற மாதிரி ப்ரோக்ராம் எழுதியிருப்பாங்க.

டேஷ்போர்டுக்குள்ள இருந்து 'டிக் டிக் டிக்'னு சத்தம், ஒரு பக்கம் ஜில், மறுபக்கம் சூடு. இது மட்டும் நிஜமான ரிப்பேர். ப்ளெண்ட் டோரைத் திருப்புற குட்டி மோட்டாரோட பிளாஸ்டிக் கியர்ல பல் போயிருக்கும். இதுக்கு பிரஷ் உதவாது.

முழங்கைக்கு ஒரு வெயில்

சரி, எல்லா சென்சாரும் ஒழுங்கா இருக்கு, உள்காத்து 24. அப்பவும் ஏன் தாத்தாவுக்கு வேர்க்குது?

டென்மார்க்கைச் சேர்ந்த பேராசிரியர் ஃபாங்கர் 1970-ல வெளியிட்ட புத்தகம் இந்தத் துறையோட அடித்தளம். ஒரு மனுஷனுக்கு இதமா இருக்கான்னு தீர்மானிக்கிறது ஆறு விஷயங்கள் என்றார். காத்தோட வெப்பநிலை, சுத்தி இருக்கிற பரப்புகளோட வெப்பக் கதிர்வீச்சு, காத்தோட வேகம், ஈரப்பதம், உடம்பு செய்யற வேலை, போட்டிருக்கிற துணி. உங்க கார் இதுல முதலாவதை மட்டும் உருப்படியா அளக்குது. ரெண்டாவதை அந்தக் குமிழை வச்சு யூகிக்குது. மத்த நாலும் அதுக்குத் தெரியவே தெரியாது. ஈரப்பத சென்சாரெல்லாம் விலை கூடின வண்டியிலதான் பார்க்க முடியும். சித்தி கல்யாணப் பட்டுப்புடவையில இருக்காங்க, தாத்தா கதர் வேட்டியில பின்சீட்ல வென்ட் இல்லாத மூலையில இருக்கார் என்பதெல்லாம் எந்த சென்சாருக்கும் எட்டாத சங்கதி.

கதிர்வீச்சுக் கணக்கு நம்ம ஊர் ரோட்டுல வேடிக்கையா விழுது. சேலம்–நாமக்கல் ஹைவே கிட்டத்தட்ட வடக்கு தெற்கா ஓடுது. நம்ம நாட்டுல டிரைவர் சீட் வலது பக்கம். நாமக்கல்ல இருந்து காலையில சேலத்துக்கு வேலைக்கு வர்றவரை எடுத்துக்குங்க. வடக்கே பார்த்து வர்றார், சூரியன் கிழக்கே, அதாவது வலது பக்கம். சாயங்காலம் தெற்கே பார்த்துத் திரும்பறார், சூரியன் மேற்கே, மறுபடியும் வலது பக்கம்! ரெண்டு வேளையும் வெயில் டிரைவர் முழங்கை மேலதான். சேலத்துல இருந்து காலையில நாமக்கல் போறவருக்கு இது அப்படியே நேர்மாறு. ரெண்டு வேளையும் பக்கத்து சீட்காரர் வேகணும். ஒரே ரோடு, ஒரே கார், ஒரே 24. கேபின் காத்துல நடுவுல ஒரு இடத்தை மட்டும் அளக்கிற தெர்மிஸ்டருக்கு இது எப்படித் தெரியும்? டூயல் ஜோன் இருக்கிற வண்டிகள்ல வலதுக்கும் இடதுக்கும் தனித்தனியா வெயில் பார்க்கிற சென்சார் வச்சு இதைக் கொஞ்சம் சமாளிக்கிறாங்க. கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம்னு நினைச்சா, 2012-லயே உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவு போட்டது நினைவிருக்கட்டும். ஆட்டோ ஏசி வண்டியில 24 ஒத்து வரலன்னா 22 வைக்கிறதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை. அந்த நம்பர் சும்மா ஒரு தொடக்கப் புள்ளி.

இந்த விஷயத்துல இன்னொண்ணும் சொல்லணும். 1964 மாடல் காடிலாக்லயே தானாக இயங்குற ஏசி கொடுத்துட்டாங்க. அறுபது வருஷம் ஆகியும் அடிப்படைச் சிக்கல் அப்படியேதான் இருக்கு. நடுவுல நாம செஞ்ச ஒரே 'முன்னேற்றம்', திருகையும் பட்டனையும் எடுத்துட்டு டச் ஸ்கிரீனுக்குள்ள மூணாவது மெனுவுல ஏசியை ஒளிச்சு வச்சது. ஐரோப்பாவுல கார் பாதுகாப்பை மதிப்பிடற யூரோ என்கேப், 2026-ல இருந்து முழு மதிப்பெண் வேணும்னா இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன் மாதிரி சிலதுக்குக் கையால தொடக்கூடிய பட்டன் வேணும்னு சொல்லுது. அந்தப் பட்டியல்ல ஏசி இல்லை. இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

ஏற்காடு ஏறும்போது

இருபது கொண்டை ஊசி வளைவு, கீழே 38, மேலே 25. ஆட்டோவுக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது.

ஏறும்போது திடீர்னு குளிர் குறையுதா? சின்ன இன்ஜின் வண்டியில கம்ப்ரஸர் சில கிலோவாட் சக்தியைத் தின்னும். நீங்க ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சா, சக்கரத்துக்கு வலு வேணும்னு இன்ஜின் கம்ப்யூட்டர் கம்ப்ரஸரைக் கொஞ்ச நேரம் கழட்டி விடும். ஏசி லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், உங்ககிட்ட எதுவும் சொல்லாது. சிக்னல்ல தானா இன்ஜின் அணையற வண்டியிலயும் இதே கதைதான். பெல்ட்ல ஓடுற கம்ப்ரஸர் நின்னுடும், எவாப்பரேட்டர்ல இருந்த ஈரம் காத்துல கலந்து புழுங்கல் வாடை வரும்.

மழை பெய்தால் கண்ணாடி மங்கும். இங்கேதான் பலர் தப்பான பட்டனை அமுக்கறாங்க. முதல்ல ஒரு தடவை வைப்பர் போடுங்க. மங்கல் போச்சுன்னா அது வெளிப்பக்கம். ஏசி காத்து பட்டு கண்ணாடி ரொம்பக் குளிர்ந்து, வெளியில இருக்கிற ஈரக்காத்து அது மேல பனிச்சிருக்கு. நீங்க செய்ய வேண்டியது நம்பரைக் கூட்டறது, காத்தைக் கண்ணாடி மேல விடாம திருப்பறது. வைப்பருக்குப் போகலன்னா அது உள்பக்கம், நம்ம மூச்சு. அதுக்கு டிஃபாக் பட்டன். அதை அமுக்கினா ஏசி லைட்டும் சேர்ந்து எரியும், "குளிருக்கு ஏண்டா ஏசி?"ன்னு அணைச்சிடாதீங்க. எவாப்பரேட்டர் ஈரத்தைத் தண்ணியா வடிச்செடுத்துடும், ஹீட்டர் அந்தக் காத்தை மறுபடி சூடாக்கும். சைக்ரோமெட்ரிக் சார்ட்ல கோடு போட்டுப் பாருங்க. குளிர்வித்து ஈரம் எடுத்து மறுபடி சூடேத்தறது, செமஸ்டர்ல 16 மார்க் கேள்வி, அதே கணக்கு.

கோழிப்பண்ணை வாடையும் தூக்கமும்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எரிச்சல். இப்போ சொல்லப்போறது உயிர் சம்பந்தப்பட்டது.

புதுச்சத்திரம் தாண்டி நாமக்கல் பக்கம் வந்தா கோழிப்பண்ணை வாடை. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் சேகோ ஃபேக்டரி வாடை. இது வந்ததும் எல்லார் கையும் தானா போறது, காருக்குள்ள அம்பு வளைஞ்சு சுத்துற மாதிரி படம் போட்ட அந்த உள்காத்து பட்டனுக்கு. சரிதான். ஆனா அரைமணி நேரத்துல பல வண்டிகள்ல ஆட்டோ அதைத் தானா வெளிக்காத்துக்கு மாத்திடும். அதுவும் சரியா ஒரு லாரிப் புகைக்குப் பின்னாடி போகும்போது மாத்தும்! உடனே திட்டிட்டு மறுபடியும் அமுக்குவோம்.

அது ஏன் மாத்துதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு மூச்சுல விடறார். அஞ்சு பேர்னா 90 லிட்டர். ஒரு காருக்குள்ள இருக்கிற காத்து சுமார் 3,000 லிட்டர்னு வச்சுக்குவோம். 90-ஐ 3,000-ஆல வகுத்தா மணிக்கு 3 சதவீதம், அதாவது 30,000 பிபிஎம். நிமிஷத்துக்கு 500! வெளிக்காத்துல இருக்கிறது 400 சொச்சம்தான். இறுக்கி மூடின பெட்டியா இருந்தா பத்து நிமிஷத்துல 5,000-ஐத் தாண்டிடும். அமெரிக்காவுல எட்டு மணி நேர வேலை இடத்துக்கு வச்சிருக்கிற உச்ச வரம்பே 5,000தான். நிஜத்துல கார் ஓடும்போது இடுக்கு வழியா காத்து கசியும். மணிக்கு அஞ்சு தடவை உள்காத்து மாறுதுன்னு தாராளமா வச்சுக்கிட்டாலும், 30,000-ஐ 5-ஆல வகுத்து வெளிக்காத்து அளவைக் கூட்டினா, 6,400 பக்கத்துல போய் நிக்கும். டிரைவர் தனியா போனா இதே கணக்குல 1,600தான் வரும். அதனாலதான் தனியா போகும்போது வராத அந்தத் தலைபாரம், குடும்பத்தோட பழனி போயிட்டு ராத்திரி திரும்பும்போது வருது.

இந்த அளவுல யாரும் மயங்கி விழ மாட்டாங்க. தலை லேசா கனக்கும், கொட்டாவி வரும், கவனம் மழுங்கும். பின்சீட்ல எல்லாரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா தூங்கறதைப் பார்த்து "சாப்பாடு செரிக்குது"ன்னு சிரிப்போம். அதே காத்தைத்தான் ஸ்டியரிங் பிடிக்கிறவரும் சுவாசிக்கிறார். விடிகாலை மூணு மணிக்கு வர்ற தூக்கத்துக்குக் காத்து மட்டும் காரணம் இல்லை, உடம்புக்குத் தூக்கம் வேணும், அதுக்கு வண்டியை ஓரம் கட்டிப் படுக்கிறது ஒண்ணுதான் மருந்து. ஆனா ஏற்கனவே அசந்திருக்கிற ஆளுக்கு 6,000 பிபிஎம் காத்தைக் கொடுக்கிறது எரியற நெருப்புல எண்ணெய். ஆட்டோவுக்கும் கார்பன் டை ஆக்சைடு தெரியாது. அதுக்கான சென்சார் பெரும்பாலான கார்ல கிடையாது. அது வெறும் டைமரை நம்பி கதவைத் திறக்குது. லாரிப் புகையை மோப்பம் பிடிக்கிற சென்சார் இருக்கிற வண்டியும் உண்டு. புகை வந்தா மூடிக்கும். உள்ளே மூச்சு முட்டறதை அது கண்டுக்காது. ஆகவே வாடை தாண்டினதும் அம்பை வெளிக்காத்துக்கு மாத்தறது உங்க பொறுப்பு. முன்சீட்ல உட்கார்ந்து போன் நோண்டற நேரத்துல செய்யக்கூடிய ஒரே உருப்படியான வேலை இது.

வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு, ஏசி போட்டுத் தூங்கறது இதைவிட ஆபத்து. அங்கே எதிரி கார்பன் டை ஆக்சைடு இல்லை, கார்பன் மோனாக்சைடு. வண்டி ஓடும்போது பின்னாடி போயிடற புகை, நிக்கும்போது அடியிலேயே தேங்கும். சைலன்சர்ல எங்கேயாவது ஓட்டை இருந்து, தரையில ஒரு இடுக்கு இருந்தா போதும். வாசனை கிடையாது, எழுப்பாது. மூடின கேரேஜ்ல இது வேண்டவே வேண்டாம்.

நாமக்கல்காரங்களுக்கு இது வெறும் கார் விஷயம் இல்லை

நம்ம வகுப்புல பத்துப் பேர்ல ஒருத்தர் வீட்டுலயாவது லாரி சம்பந்தம் இருக்கும். டிரைவர், ஓனர், பாடி பில்டிங் பட்டறை, டயர் கடை, ஏதாவது ஒண்ணு. அவங்களுக்கு ஆட்டோவும் இல்லை, திருகும் இல்லை. இன்ஜின் சூடு காலடியில, ஒத்தைத் தகரக் கூரை தலைக்கு மேல, பெரிய முன்கண்ணாடி முகத்துக்கு நேரே. ஏசிங்கிறது ஜன்னல்ல வச்ச முழங்கையும் ஈரத்துண்டும்தான்.

2023 ஜூலைல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் லாரி கேபினுக்கு ஏசி கட்டாயம்னு வரைவு விதி வெளியிட்டது. அதே வருஷம் டிசம்பர்ல இறுதி அறிவிப்பு வந்தது. 2025 அக்டோபர் 1-ம் தேதியில இருந்து தயாராகிற என்2, என்3 வகை லாரிகள்ல, அதாவது மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல உள்ள சரக்கு வண்டிகள்ல, கேபினுக்கு ஏசி இருந்தாகணும். சோதனை முறை ஐ.எஸ். 14618:2022 தரப்படி.

இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு வரி இருக்கு. ஹைவேயில கேபினே இல்லாம, வெறும் சேசிஸ் மேல ஒரு சீட்டைப் போட்டு, ஹெல்மெட்டும் துண்டும் கட்டிக்கிட்டு ஓட்டிட்டு வர்றவங்களைப் பார்த்திருப்பீங்க. அந்த சேசிஸுக்கு நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகள்லதான் உடம்பு வரும். அப்படி வர்ற சேசிஸோட, அங்கீகாரம் வாங்கின ஏசி கிட்டையும் உற்பத்தியாளரே சேர்த்துக் கொடுக்கணும்னு விதி சொல்லுது. கிட் கம்பெனியோடது, கேபின் பட்டறையோடது. பட்டறைக்காரர் போட்ட கதவு இடுக்குல காத்து கசிஞ்சா, இன்ஜின் மேல மூடின தகரத்துக்கு அடியில காப்பு போடாம விட்டா, எவ்வளவு நல்ல கிட்டும் மூச்சு வாங்கும். இத்தனை நாள் பலத்துக்கும் அழகுக்கும் பேர் வாங்கின தொழில், இப்போ ஹீட் டிரான்ஸ்ஃபர் கணக்குக்குள்ள வந்திருக்கு. வேலை தேடற நமக்கு இது கெட்ட செய்தி இல்லை.

கெட்ட செய்தி வேற இடத்துல இருக்கு. சட்டம் ஏசியைப் பொருத்தச் சொல்லுது, போடச் சொல்லல. ஏசி டீசல் குடிக்கும். பெரிய இன்ஜினை ராத்திரி சும்மா ஓட விட்டா மணிக்கு ஒண்ணு ரெண்டு லிட்டர் போயிடும். ட்ரிப்புக்கு இவ்வளவுதான் டீசல்னு கணக்கு கட்டிக் கொடுக்கிற ஓனர்கிட்ட, ஏசிக்கான லிட்டரை யார் கணக்குல எழுதறது? டிரைவர் படிக்காசுல கை வச்சா அவர் அந்தப் பட்டனைத் தொடவே மாட்டார். பழைய லாரிகளுக்கு இந்த விதியே கிடையாது. ரோட்டுல ஓடறதுல பெரும்பங்கு இன்னும் பல வருஷத்துக்கு அதுதான்.

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இன்னொரு ஸ்மார்ட் குப்பைத்தொட்டி செய்யப் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஆர்டுயினோ, நாலு வெப்பநிலை சென்சார், ஒரு ஈரப்பத சென்சார், ஒரு கார்பன் டை ஆக்சைடு சென்சார் போதும். தெரிஞ்ச ஒரு அண்ணனோட லாரியில, அவர் சம்மதத்தோட, ஒரு ட்ரிப் வைங்க. ஏசி இல்லாத பழைய கேபின் ஒண்ணு, பட்டறையில கட்டின புது ஏசி கேபின் ஒண்ணு. கூரைத் தகரத்தோட உள்பக்கம், இன்ஜின் மூடி மேல, படுக்கை ஓரம்னு மூணு இடம். நாலாவது சென்சாரை டிரைவரோட வலது முழங்கைக்குப் பக்கத்துல ஒட்டுங்க. சாதா டேப் வெயில்ல இளகிடும், அலுமினிய டேப் வாங்கிக்குங்க.